மழையில் இறங்கிய எண்

நசீர் அகமதுவின் பட்டறை ஆம்பூர் பைபாஸ் ஓரத்தில், பதப்படுத்தாத பச்சைத் தோல் ஏற்றிய லாரிகள் திரும்பும் இடத்தில் இருந்தது. லாரி திரும்பும்போதெல்லாம் உப்புத் தண்ணீர் ரோட்டில் சொட்டும். அந்த நாற்றம் அங்கே யாருக்கும் நாற்றமாகத் தெரிவதில்லை. தீப்பெட்டி அளவே இருந்த வோல்ட் மீட்டரை அவர் மோட்டார் சைக்கிளின் ஹேண்டில்பாரில் பொருத்தினார். அதன் ஒயரை டாங்குக்கு அடியில் நுழைத்து, பக்கவாட்டு மூடிக்குள் இருந்த தோல் உறையின் ஓரமாக இழுத்துப் பேட்டரியில் சேர்த்தார். ஹெலன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாமா, இத்தினி வருசமா ஓடற வண்டி. இப்பப் போயி மீட்டரு?"

"வண்டி மேல தப்பு இல்லன்னு நீங்கதானே பாய் சொன்னீங்க?"

"ரெண்டு வாட்டி பாத்தேன். மூணாவது வாட்டி பாத்தாலும் அதான் சொல்வேன். பேட்டரி நல்லா இருக்குது. சார்ஜிங் பதினாலு புள்ளி ஒண்ணு வருது. லைட்டு எரியுது. அதுக்கு மேல நான் இன்னா பண்ணட்டும்? உன் வூட்டுக்காரனுக்காகப் பொய் சொல்லட்டுமா?"

"பொய் சொல்ல வேணாம். எந்த நம்பரு நல்லது, எது கெட்டதுன்னு மட்டும் சொல்லிக் குடுங்க."

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "இஞ்சின் ஓடறப்ப பதினாலு பக்கத்துல நிக்கணும். பதிமூணுக்குக் கீழ வந்தா, இஞ்சின் போடற சோறு பேட்டரிக்குப் போய்ச் சேரலன்னு அர்த்தம். பன்னெண்டுக்குக் கம்மின்னா பேட்டரி தன் உடம்பையே தின்னுதுன்னு வெச்சுக்கோ. பதினொண்ணுக்கும் கீழ போனா லைட்டு செவந்துடும். இஞ்சினும் திக்கும்."

"செவந்துடுமா?"

"அணையறதுக்கு மின்னாடி செவக்கும்."

ஐந்து வாரங்களுக்கு முன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவள் கணவன் பிரேம்நாத் இதே சொல்லைத்தான் சொன்னான். "லைட்டு செவந்துச்சு எலனு. முட்டை மஞ்சக்கருவாட்டம் ஆச்சு. அப்புறம் இல்ல." அப்போது அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரேம்நாத் ஷூ கம்பெனியின் சாம்பிள் ஆள். புதிதாகத் தைத்த மாதிரி ஜோடிகளை வாரத்தில் இரண்டு நாள் சென்னைக்குக் கொண்டுபோய், வெளிநாட்டு வியாபாரிகளின் அலுவலகத்தில் காட்டி, அவர்கள் சொன்ன திருத்தங்களோடு அன்றைக்கே திரும்ப வேண்டும். போக வர முன்னூற்றெழுபது கிலோமீட்டர். அன்று ஹெலனின் தம்பி ஜான்சனும் பாஸ்போர்ட் வேலையாகச் சென்னை போயிருந்தான். மாமனும் மச்சானும் ஒரே வண்டியில் மழையில் திரும்பினார்கள். ஓச்சேரி தாண்டி, ரோடு அகலப்படுத்தும் இடத்தில், ஆறரை மணி இருட்டில் வண்டி மண் குவியலில் ஏறிக் கவிழ்ந்தது. பிரேம்நாத்துக்கு இடது முட்டி. ஜான்சனுக்கு வலது தோள்பட்டை எலும்பு. ஜான்சன் கட்டிங் மிஷின் ஓட்டுகிறவன். வலது கை இல்லாமல் அவனுக்கு வேலை இல்லை.

விஷயம் அதோடு நின்றிருந்தால் விபத்து என்று போயிருக்கும். ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடி வந்தது ஹெலனின் அம்மா சவுரியம்மாள். மருமகனின் சட்டையை முகர்ந்தவளும் அவள்தான். சட்டையில் ஸ்பிரிட் வாசம் அடித்தது. சாம்பிள் ரூமுக்காகச் சென்னையில் வாங்கிய தின்னர் பாட்டில் பைக்குள் உடைந்து, சட்டை முழுக்க ஊறியிருந்தது என்று பிரேம்நாத் சொன்னான். நடுவில் வண்டியை நிறுத்திவிட்டு மாமா இருபது நிமிஷம் எங்கோ போய் வந்தார் என்று ஜான்சன் சொன்னான். பெட்டிகளை மூட பிளாஸ்டிக் தாள் வாங்கப் போனேன் என்றான் பிரேம்நாத். பின்னால் மழைக்கோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஜான்சன் லைட் அணைந்ததைப் பார்க்கவில்லை. மூன்று நாள் கழித்து நசீர் அகமது வண்டியைக் கிளப்பியபோது லைட் பளிச்சென்று எரிந்தது.

பிரேம்நாத் முன்பு குடிகாரன். மூன்று வருஷத்துக்கு முன், தெருவில் பதினைந்து வீடுகள் சேர்ந்து ஞாயிறுதோறும் ஜெபம் சொல்லும் அன்பியக் கூட்டத்தில், சிலுவை முன்னால் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டான். மறுபடி குடித்தால் மனைவியும் மகளும் தாய் வீட்டுக்குப் போய்விடலாம், நான் கூப்பிட வரமாட்டேன் என்று. அந்தத் தாள் சவுரியம்மாளின் பைபிளுக்குள் இருந்தது.

"ஒத்துக்கச் சொல்லு," என்று சவுரியம்மாள் ஐந்து வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "அன்பியத்துல வந்து எல்லார் மின்னாடியும் தப்பு பண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை. மன்னிச்சுடலாம். ஒத்துக்கலன்னா நீ புள்ளையக் கூட்டிக்கினு வந்துடு. எழுதிக் குடுத்தது அவன்தானே?"

"செய்யாததை எப்டி ஒத்துக்குவேன்?" என்றான் பிரேம்நாத். அதற்கு மேல் அவன் பேசவில்லை. கம்பெனி சென்னை ஓட்டத்தைப் பரணிதரன் என்ற இன்னொருவனிடம் கொடுத்துவிட்டது. அப்போதும் பேசவில்லை.

அவன் ஒத்துக்கொண்டால் எவ்வளவு லேசாக இருக்கும் என்று ஹெலனுக்கும் தோன்றியது. சாப்பிட உட்கார்ந்தால் தோன்றியது. கம்பெனியில் இறுதிச் சோதனை மேசையில் நின்று ஷூக்களைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போது தோன்றியது. தின்னர் வாசத்துக்கும் சாராய வாசத்துக்கும் உள்ள வித்தியாசம் பதினாறு வருஷம் அந்தக் கம்பெனியில் நின்றவளுக்குத் தெரியாதா? தெரியும். அன்று அந்தச் சட்டையை அவளும் முகர்ந்தாள். ஆனால் மூக்குக்கு முன்னால் பழைய நாட்கள் வந்து நின்றுவிட்டன. அவன் கதவைத் தட்டும் சத்தத்தை வைத்தே எத்தனை கிளாஸ் என்று கணக்குப் போட்ட நாட்கள்.

ஒரு மதியம், ஒரே லாட்டில் ஏழு ஜோடியில் தையல் பிரிந்திருந்ததைப் பார்த்து, எந்த மிஷின், எந்த ஷிப்ட் என்று தேடிக்கொண்டு லைனில் நடந்தாள். அப்போதுதான் அது தைத்தது. ஒரு செருப்புக்குக் காட்டும் நியாயத்தைக்கூட அவள் அவனுக்குக் காட்டவில்லை. குறை வந்தால் ஓட்டிப் பார்க்க வேண்டும். மணிக்கு ஒரு தரம் எழுத வேண்டும். அவள் வேலையே அதுதான். அன்று சாயங்காலம் மீட்டர் வாங்கினாள்.

*

முதல் ஓட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்ததும். மகள் கிறிஸ்டினாவுக்கு இட்லி ஊற்றி வைத்துவிட்டுக் கிளம்பினாள். ஹெலனுக்குக் கியர் வண்டி புதிதல்ல. ஆனால் மாதனூர் தாண்டி அவள் தனியாக ஓட்டியதில்லை. பத்து கிலோமீட்டருக்கு ஒரு முறை மீட்டரைப் பார்த்து மனதில் வைத்துக்கொண்டு, நிறுத்திய இடத்தில் நோட்டில் எழுதினாள். பள்ளிகொண்டா 14.1. சத்துவாச்சாரி 14.1. ஹெட்லைட்டைப் பகலிலேயே போட்டுவிட்டாள். வாலாஜா 14.0. அவன் விழுந்த இடத்தில் இப்போது மண் குவியல் இல்லை, தார் போட்டிருந்தார்கள். அங்கேயும் 14.1. திரும்பி வரும்போதும் அப்படியே. எண் அசையவில்லை.

ஹெல்மெட்டுக்குள் அவள் லேசாக மூச்சு விட்டுக்கொண்டு வந்தாள். அது நிம்மதி என்று கண்டுபிடித்தபோது பள்ளிகொண்டா வந்திருந்தது. எதற்கு நிம்மதி? எண் இறங்கியிருந்தால் அவன் சொன்னது நிஜம். அவன் சொன்னது நிஜமானால், இந்த ஐந்து வாரம் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள்? எண் இறங்காதவரை அந்தக் கேள்வி இல்லை. அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. வண்டியின் வேகத்தைக் கூட்டினாள்.

வீட்டில் பிரேம்நாத் நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு முள்ளுக்கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தான்.

"எத்தினி?"

"பதினாலு ஒண்ணு."

"போறப்பவா, வர்றப்பவா?"

"ரெண்டும்."

அவன் ஒரு காயின் காம்பைப் பொறுமையாகச் சீவினான். "வெயில்ல ஓட்டினா வெயில் நம்பருதான் வரும்."

"மழை வரட்டும். மறுபடி போறேன்."

"யாருக்காகப் போற?"

அவள் குழம்புக்குப் புளியைக் கரைக்கப் போனாள்.

அந்த வாரம் ஆம்பூரில் இரண்டு நாள் சாயங்காலம் மழை தூறியது. ஷிப்ட் முடிந்து ஊரைச் சுற்றி அரைமணி நேரம் ஓட்டினாள். 14.1, 14.0. கம்பெனி வாசலில் பெண்கள் சிரித்தார்கள். "இன்னா எலனக்கா, போலீஸ்ல சேந்துட்டியா? ரோந்து சுத்தற!" அவளும் சிரித்தாள். அரைமணி நேரம் போதாது என்று தோன்றியது. அன்று அவர்கள் ஓச்சேரி வருவதற்குள் இரண்டு மணி நேரம் நனைந்திருக்கிறார்கள். அது நெடுந்தூரத்துக் குறை. ஊருக்குள் வராது.

வெள்ளிக்கிழமை புயல் சின்னம் என்றார்கள். சனிக்கிழமை பள்ளிக்கூடம் லீவு. கம்பெனியில் மதியம் அனுப்பிவிட்டார்கள். மறுநாள் ஞாயிறு அன்பியக் கூட்டம் சவுரியம்மாள் வீட்டில். பிரேம்நாத் ஒத்துக்கொள்ள அவள் கெடு வைத்திருந்த நாள் அதுதான். ஹெலன் பிரேம்நாத்தின் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு சவுரியம்மாளே வந்துவிட்டாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"ஓச்சேரி வரைக்கும்."

"பைத்தியமா பிடிச்சிருக்குது உனக்கு? ஊரே கதவ சாத்திக்கினு கெடக்குது. எம் புள்ள கையொடஞ்சது பத்தலையா? நீயும் போய் விழுந்துட்டு வா. அந்தப் பொண்ண நான் வளக்கறேன்."

"விழமாட்டேம்மா."

"அவனும் அப்டித்தான் சொல்லிட்டுப் போனான்." சவுரியம்மாள் உள்ளே எட்டிப் பார்த்தாள். பிரேம்நாத் அறையில் இருந்தான். குரலை அவள் குறைக்கவில்லை. "எலனு, ஒரு டப்பாவ மாட்டிக்கினு அது எதனா நம்பரு காட்டுமான்னு நாய் மாதிரி சுத்தற. நம்பரா வந்து சாட்சி சொல்லப்போவுது? பதினஞ்சு வருசம் உன் கண்ணீர நான் பாத்தவ."

"நீ பாத்தது நெசம்தான். ஆனா அது பழைய கண்ணீர்ம்மா. அதை வெச்சு இதைத் தீர்க்க முடியாது."

"அப்ப நாளைக்கு?"

"நாளைக்கு வர்றேன். எது நெசமோ அதைச் சொல்றேன். அவரு குடிச்சிருந்தார்னு தெரிஞ்சா பொண்ணையும் கூட்டிக்கினு பொட்டியோட வர்றேன். போதுமா?"

சவுரியம்மாளுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஆனால் அதில் குறை கண்டுபிடிக்கவும் முடியவில்லை. "சாப்புட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

*

பள்ளிகொண்டா வரை மழை ஒரு திரை மாதிரி. பாலாற்றில் சிவப்பாகத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மீட்டர் 14.0. சத்துவாச்சாரியில் ரோட்டோரத் தண்ணீரை ஒரு பஸ் முழுசாக அவள் மேல் அடித்துவிட்டுப் போனது. துடைத்துப் பார்த்தாள். 13.7.

தப்பாகப் படித்தோமோ என்று நினைத்தாள். மேல்விஷாரத்தில் 13.4. ஆற்காடு பாலத்தருகே ஓரம் கட்டி, கோட்டுக்குள் பாலிதீன் பையில் வைத்திருந்த நோட்டை எடுத்து எழுதினாள். வாலாஜா 12.8. காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் 12.1. எண் ஒவ்வொன்றாக இறங்க இறங்க அவளுக்குப் பயம் வந்தது. பயத்தின் அடியில் வேறு ஒன்றும் இருந்தது. ஒரு மனிதனின் குரல் ஆறு வாரம் தாண்டி, கட்டிலில் இருந்து, மெதுவாக அவள் காதுக்கு வந்து சேர்ந்துகொண்டிருந்தது.

திரும்பிவிடலாம். இதுவே போதும். ஆனால் 'இறங்கிச்சு' என்று சொன்னால் 'அணைஞ்சுச்சா?' என்று அம்மா கேட்பாள். அவள் போனாள்.

ஓச்சேரிக்குக் கொஞ்சம் முன்னால், பிற்பகல் மூன்றரை மணி மங்கலில், முன்னால் போன கல் லாரியின் பின்கதவில் அவளுடைய ஹெட்லைட் விழுந்திருந்தது. வெள்ளையாக இருந்த அந்த வட்டம் மஞ்சளானது. பிறகு சிவந்தது. 10.8. இஞ்சின் ஒரு முறை இருமியது. லாரியின் மேல் வட்டம் இல்லை.

அவள் ஓரத்துக்கு உருட்டி வந்து நின்றாள். கால் தரையில் பட்டதும் அழுதாள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே அழுதாள்.

பக்கத்தில் ஒரு டீக்கடை. கடைக்காரப் பெண் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி வந்து வண்டியைத் தள்ளக் கை கொடுத்தாள். "யாரும்மா நீ, இந்த மழைல? வூட்டுல சண்டையா?"

"ஆமாக்கா, ஒரு மாதிரி சண்டைதான்."

"சண்டைன்னா பஸ்ஸுல போவக் கூடாதா?"

ஹெலன் கொட்டகைக்குள் நின்று நசீர் அகமதுவைக் கூப்பிட்டாள். "பாய், பத்து புள்ளி எட்டு. லைட்டு செவந்து அணைஞ்சிடுச்சு."

"எங்க நிக்கிற? சரி. கேளு தங்கச்சி. தொடைக்காத, காய வுடாத. அன்னிக்கு எங்கிட்ட வர்றதுக்குள்ள மூணு நாள் வெயில்ல காஞ்சிடுச்சு. அதான் நான் ஏமாந்தேன். இப்ப ஈரத்தோட பாரு. சைடு மூடியத் தொற. பேட்டரிக்கு வர்ற செவப்பு ஒயர் தெரியுதா? அதைப் புடிச்சுக்கினே மேல போ. நடுவுல ஒரு ஜாயிண்ட் இருக்கணும்."

அவள் விரல் சிவப்பு ஒயரில் ஏறி, தோல் உறையில் வந்து நின்றது. "அது மேல உறை இருக்குது பாய்."

"உன் உறைதானே? அதுக்குள்ளதான் ஜாயிண்ட்டு."

"நீங்க அதைப் பிரிச்சுப் பாக்கலையா?"

"இல்லம்மா." அவர் குரல் இறங்கியது. "அவ்ளோ அழகா தெச்சிருந்த. பிரிச்சா மறுபடி அப்டி தைக்க வராதுன்னு வுட்டுட்டேன். ரெண்டு பக்கமும் கரெண்ட் வருதான்னு மட்டும் பாத்தேன். அன்னிக்கு வந்துச்சு. இப்ப அறு."

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கோடையில், அந்த ஜாயிண்ட்டில் சுற்றியிருந்த இன்சுலேஷன் டேப் வெயிலில் உருகிப் பிசுபிசுத்துக் கழன்று வந்தது. வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் வேறு டேப் சுற்றியிருப்பார்கள். ஆம்பூரில் பிய்ந்ததற்கும் ஒழுகினதற்கும் எல்லாரும் முதலில் தேடுவது ஒரு தோல் துண்டு. அவள் வேலையாட்கள் போடும் உயர்ரக பூட்ஸுக்கு வெட்டியதில் மிஞ்சிய எண்ணெய்த் தோலை எடுத்து, மெழுகு நூலால், அங்குலத்துக்குப் பத்துத் தையல் போட்டு உறை செய்தாள். தண்ணீர் உள்ளே போகவே போகாது என்றாள். பிரேம்நாத் அதைச் சாம்பிள் ரூமில் எல்லாருக்கும் காட்டினான்.

கடைக்காரப் பெண்ணிடம் பிளேடு வாங்கி அவள் தையலை அறுத்தாள். உறை ஊறி, நாக்கைப் போல் தடித்திருந்தது. ஒயர் நுழையும் இரண்டு வாய்களிலும் தண்ணீர் போயிருக்கிறது, வெளியே வர வழியில்லை. விரித்தாள். உள்ளே செம்புக் கம்பிகள் இருந்த இடத்தில் பச்சைக் களிம்பு, விரலில் ஒட்டும் மெழுகு போல. பாதிக் கம்பிகள் தொட்டதும் உதிர்ந்தன.

அந்தப் பச்சையை அவளுக்குத் தெரியும். போன வருஷம் ஏற்றுமதிக்கு நின்ற நானூறு ஜோடி பூட்ஸை அவளே திருப்பி அனுப்பினாள். கயிறு கோக்கும் பித்தளை வளையங்களைச் சுற்றி இதே பச்சை பூத்திருந்தது. எண்ணெய்த் தோலும் செம்பும் ஈரத்தில் சேர்ந்தால் இது வரும் என்று லைனில் புதிதாகச் சேர்ந்த பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான். ஷூவில் தெரிந்த விஷயம் வண்டியில் தெரியவில்லை.

"இன்னாமா பாக்கற?" என்றாள் கடைக்காரப் பெண்.

"என் வேலையக்கா. நான் செஞ்ச வேலை."

நசீர் அகமது போனில் சொல்லச் சொல்ல, கெட்ட கம்பியை வெட்டி, நல்ல கம்பியை பிளேடால் சுரண்டி முறுக்கி, பால் பாக்கெட் பிளாஸ்டிக்கைக் கிழித்து இறுகச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டாள். நாலாவது உதையில் வண்டி கிளம்பியது. 13.2. அரைமணி நேரம் ஓடியபின் 13.9. அதே மழை. வாலாஜா 14.0. சத்துவாச்சாரி 14.1. ஒவ்வொன்றையும் நின்று எழுதினாள். பாதி நோட்டு என்று அம்மா சொல்லிவிடக் கூடாது.

*

வீட்டுக்கு வந்தபோது மணி ஏழு. பிரேம்நாத் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று களி கிளறி வைத்திருந்தான். கிறிஸ்டினா துண்டைக் கொண்டுவந்து அம்மாவின் தலையைத் துவட்டினாள். ஹெலன் நோட்டையும் அறுத்த உறையையும் அவன் முன்னால் வைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் சிரிப்பான், அல்லது அழுவான், அல்லது கத்துவான் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

அவன் உறையை எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. மகளைப் பக்கத்து அறைக்கு அனுப்பினான்.

"மின்னாடி நம்பினியா?"

"இன்னாது?"

"இந்த மீட்டரு சொல்றதுக்கு மின்னாடி. நான் சொன்னப்ப."

அரைப் பொய் ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. 'பாதி நம்பினேன்.' அவ்வளவு போதும், அவன் ஏற்றுக்கொண்டுவிடுவான் என்று அவளுக்குத் தெரிந்தது. பத்து கிலோமீட்டருக்கு ஒரு தரம் உள்ளதை எழுதிவிட்டு வந்த கை அது.

"இல்ல," என்றாள். "நம்பல."

அவன் தலையை ஆட்டினான். "எல்லாரும் சொன்னப்ப வலிக்கல. நீ மின்விசிறியப் பாத்துக்கினு நின்ன பாரு."

"தெரியும்."

"களி ஆறிடும். சாப்டு," என்று சொல்லிவிட்டு, கம்பை ஊன்றிக்கொண்டு உள்ளே போனான்.

*

ஞாயிறு காலையும் மழை விடவில்லை. சவுரியம்மாள் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லி முடித்தார்கள். பிரேம்நாத் வரவில்லை. ஹெலன் எழுந்து நின்று சொன்னாள். நோட்டைக் காட்டினாள். உறையைக் காட்டினாள்.

"அப்ப உன் மேல தப்புன்ற?" என்றாள் சவுரியம்மாள்.

"ஆமா. என் மேலதான்."

"புருசனைக் காப்பாத்த நீ ஏத்துக்கற."

"அக்கா, நீ சொல்றன்றதுக்காக நாங்க நம்பணுமா?" ஜான்சன் கையைக் கழுத்தில் கட்டிய துணியில் மாட்டியபடி சுவரில் சாய்ந்திருந்தான். அவன் குரலில் கோபத்தைவிட அசதி அதிகம் இருந்தது. "மாமா மேல எனக்கு இன்னா வெறுப்பா? எனக்குத் தெரிஞ்சதைத்தான் சொன்னேன்."

"நம்ப வேணாம்டா. உன் வண்டி வெளிய நிக்குது. அதுலயும் நான் தெச்ச உறை இருக்குது. நீதான் கேட்டு வாங்கின. மூணு மழை பாத்திருக்கும். போய் அறுத்துப் பாரு."

ஜான்சன் எழுந்து போனான். அஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே நின்ற வண்டியின் மூடியை இடது கையால் திறக்க முயன்றான், வரவில்லை. சவுரியம்மாள் வந்து மூடியைப் பிடித்துக்கொண்டாள். பிளேடால் அவன் தையலை ஒவ்வொன்றாக அறுத்தான். உறை பிளந்தபோது அவன் கட்டைவிரல் பச்சையானது. அதை வெகுநேரம் பார்த்தான். பிறகு அம்மாவுக்கு நீட்டிக் காட்டினான்.

சவுரியம்மாள் உள்ளே போய் பைபிளைத் திறந்து அந்தத் தாளை எடுத்து வந்தாள். நாலாக மடித்து மடித்து நைந்திருந்தது. "இதை மாப்ளை கையில குடுத்துடு."

"நான் வாங்கமாட்டேம்மா. நீயே வந்து குடு."

"நான் எப்டி அவன் மூஞ்சப் பாப்பேன்?"

"நானும் அதைத்தான் நேத்திலேருந்து யோசிக்கிறேன்," என்றாள் ஹெலன்.

ஜான்சன் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கேட்டான். "அக்கா, இதை வேற யாருக்கெல்லாம் தெச்சுக் குடுத்த?"

அந்தக் கேள்வி முந்தின இரவு முழுக்கவே அவளிடம் இருந்தது. அவனைச் சேர்த்து ஐந்து பேர். அதில் ஒருவன் பரணிதரன். நாளைக்குத் திங்கட்கிழமை, அவனுக்குச் சென்னை ஓட்டம். மழை புதன்கிழமை வரை என்றிருந்தார்கள்.

கம்பிவெட்டியையும் டேப்பையும் எடுக்க அவள் வீட்டுக்குப் போனபோது பிரேம்நாத் சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றிருந்தான். ஜான்சன் போன் செய்திருக்கிறான்.

"உன் முட்டி மடங்காதே."

"நீட்டிக்கினு உக்காருவேன். அவனுங்க நீ சொன்னா கேக்கமாட்டானுங்க. அவனுங்க வண்டியில அந்த ஜாயிண்ட்டு எங்க இருக்குதுன்னு எனக்குத்தான் தெரியும்."

பரணிதரனின் வீடு ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தவன், கம்பை ஊன்றித் தடுமாறி இறங்கும் பிரேம்நாத்தைப் பார்த்துச் சிரித்தான். கெட்ட எண்ணத்தில் அல்ல, பழக்கத்தில். "இன்னாண்ணே, காலங்காத்தாலயே ஏத்திக்கினு வந்துட்டியா?"

பிரேம்நாத் பதில் சொல்லவில்லை. ஆறு வாரமாக எல்லாச் சிரிப்புக்கும் அவன் செய்தது அதுதான்.

"பரணி," என்றாள் ஹெலன். சத்தமாகத்தான் வந்தது. பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. "அவரு இன்னிக்குக் குடிக்கல. அன்னிக்கும் குடிக்கல. லைட்டு அணைஞ்சுச்சு. அணைஞ்சதுக்குக் காரணம் நான் தெச்சது. உன் வண்டியிலயும் அதான் இருக்குது. இனிமே இந்தப் பேச்சு பேசாத. இத்தினி நாளா நான் கேட்டுக்கினு நின்னேன். இனிமே நிக்கமாட்டேன்."

"ஐயோ அண்ணி, நான் சும்மா தமாசுக்கு…"

"தமாசுதான். எல்லாரும் தமாசுதான் பண்ணாங்க. சாவியக் குடு."

பரணிதரன் சாவி கொடுத்தான். குடையும் பிடித்தான். பிரேம்நாத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து மூடியைத் திறந்து இடத்தைக் காட்டினான். ஹெலன் அறுத்தாள், வெட்டினாள், சுரண்டினாள். அவன் முறுக்கினான். அவள் டேப்பைச் சுற்றினாள். கம்பியைப் பார்த்த பரணிதரன், நாளைக்குத் தன்னோடு யார் வருவதாக இருந்தது என்று சொல்ல ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். அவன் மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள்.

மறுபடி வண்டியில் ஏற பிரேம்நாத்துக்கு நேரம் பிடித்தது. இடது காலை வெளியே நீட்டிக்கொண்டு, அவள் தோளில் கை வைக்காமல், பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டான். அவள் இஞ்சினைக் கிளப்பினாள்.

"எலனு."

"ம்."

"நம்பலன்னு சொன்னியே."

"சொன்னேன்."

"அதைப் பத்திப் பேசணும். சும்மா வுட முடியாது."

"வுட வேணாம். பேசலாம்."

"இப்ப இல்ல." ஊன்றுகோலை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டான். "இன்னும் மூணு வண்டி இருக்குது. போ."